கை எட்டும் தூரம்

இந்தியத் தமிழர் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் துருக்கியரின் ஒரே சொல்லிலிருந்து கிளைத்து, பல நாவுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தவை என்பர். என் வாப்பாவுக்கு அந்த ஆராய்ச்சியில் நாட்டமில்லை. அவர் அதைத் தமிழ்ச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார். "துவக்கு துவக்கத்தான் செய்யும். முடிக்கிறது கத்தி" என்பார். வேட்டைக்குப் போகும் முஸ்லிம் ஒருவன் அறிந்திருக்க வேண்டிய சட்டத்தின் பெரும்பகுதி அந்தச் சிலேடைக்குள் இருந்தது.

வாப்பா யாழ்ப்பாணம் சோனகதெருக்காரர். நெடுந்தீவுக்குப் போய் ஆடு மாடு வாங்கிவந்து விற்பது தொழில். போர்த்துக்கேயர் அத்தீவுக்குப் பசுக்களின் தீவு என்றே பெயரிட்டிருந்தனர். பின்னால் வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமொன்றின் பெயரை வைத்தார்கள். குறிகட்டுவானில் மோட்டார் வள்ளம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கியதும் கண்ணில் படுவது முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள். அவற்றுக்கு அப்பால் வெட்டைவெளி, உவர்நீர், கட்டாக்காலிக் குதிரைகள்.

அங்கே வாப்பாவுக்கு ஆடு பிடித்துக் கொடுத்தவர் ஒரு சைவர். வாப்பாவிலும் பத்து வயது மூத்தவர். வாப்பா அவரை அண்ணை என்பார். அவர் வாப்பாவை நானா என்பார். பிள்ளைகளாகிய எங்களுக்கு அவர் தோட்டா அப்பு. சுட்டுக் கழித்த தோட்டாக் கோதுகளை மீண்டும் நிரப்பும் கை அவருக்கு வாய்த்திருந்தது.

நெடுந்தீவில் வேட்டையாட ஒன்றுமில்லை. குதிரைகளை யாரும் தொடமாட்டார்கள். போர்த்துக்கேயர் காலம் தொட்டு அங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி அதைப் பொறுப்பாக நடத்தினார். வளர்ப்பு நின்றபின் எஞ்சிய குதிரைகளின் வழிவந்தவையே இன்று வெட்டையில் மேய்கின்றன. அப்புவின் வேட்டைக்காடு வன்னியில் இருந்தது. நெடுந்தீவிலிருந்து பல குடும்பங்கள் கிளிநொச்சிக் குடியேற்றங்களுக்குப் போயின. அவருடைய தம்பியும் அப்படிப் போனவர். அக்கராயன் குளத்துக்கு அப்பால் தம்பியின் வயல். வயலின் முடிவில் காடு தொடங்கியது. சட்டப்படி மான் வேட்டைக்கு அப்போதும் கட்டுப்பாடுகள் இருந்தன. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. காட்டோரக் கிராமங்களில் அதை எடுத்துச் சொல்வாரும் குறைவு, கேட்பாரும் குறைவு. இன்று மானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைச் சுடுவது குற்றம். நான் சொல்வது 1970களின் கதை.

வைகாசி தொடங்கி ஆவணி வரை, காட்டுக்குள் மோட்டைகள் வற்றி மிருகங்கள் மிஞ்சிய தண்ணீரைத் தேடிவரும் மாதங்கள்தாம் அவர்களுடைய வேட்டைக்காலம். சித்திரை கழிந்ததும் வாப்பா தன்னுடைய லைசன்சுத் துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போவார். பள்ளிக்கூட விடுமுறையானால் என்னையும் கூட்டிப்போவார்.

அது பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக வார்த்தால் அதில் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ அவ்வளவு அகலம் அந்தக் குழல் என்பதே பெயரின் பொருள். அப்பு முதலில் குழலைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்ப்பார். கடற்காற்றில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கறுப்பு மருந்தின் கசண்டு ஈரத்தை இழுத்து உட்புறத்தை அரிக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் அது போகாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி கட்டிய கம்பியால் துடைத்து, குழல் சூட்டிலேயே உலர்ந்த பிறகு தையல் மெசின் எண்ணெய் பூசுவார். பிறகு துவக்கின் குதிரையை இழுத்து, விசையைத் தட்டி, அது விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். "வெளியில நிக்கிற குதிரைக்குத்தான் குணமில்லை. இதுக்குக் குணம் இருக்கோணும்" என்று சிரிப்பார்.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் புதுத் தோட்டா கிடைப்பது அரிதாக இருந்தது. அதனால் பித்தளைக் கோதுகளை ஒன்றுகூட விடாமல் பொறுக்கி வருவார்கள். அப்பு அவற்றின் அடியிலுள்ள பழைய கேப்பை ஊசியால் தட்டி எடுத்து, புதியதைக் கட்டைமேல் வைத்து மெதுவாக அழுத்துவார். அதன்மேல் மருந்து, மட்டை, பழைய கம்பளித் தொப்பியிலிருந்து வட்டமாக வெட்டிய தக்கை, ஈயச் சன்னங்கள், மறுபடி ஒரு மட்டை. வாயை மெழுகால் மூடுவார். மருந்தை அளக்க ஒரு சிறிய பித்தளைக் கிண்ணம் வைத்திருந்தார். கறுப்பு மருந்துக்கு மட்டுமே அது உரியது. புகையில்லா மருந்து கையில் கிடைத்த ஆண்டிலும் அதை அந்தக் கிண்ணத்தில் அளக்கவில்லை. அதே கொள்ளளவில் அதைப் போட்டால் குழல் வெடித்துவிடும். ஒரு பருவத்துக்கு அவர் நிரப்பியது பன்னிரண்டு தோட்டா.

ஒருமுறை வாப்பா கேட்டார்: "அண்ணை, மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா என்ன? உசிரோட விழுமே."

அப்பு நிமிராமலே சொன்னார்: "குறைச்சா விழாது நானா, காயத்தோட ஓடும். மூண்டாம் நாள் பருந்து வட்டமிட்டுக் காட்டித் தரும். மருந்து அளவா இருக்கட்டும். நீங்கள் கிட்டப் போங்கோ."

வாப்பா ஏன் அப்படிக் கேட்டார் என்பதை விளங்க வேட்டை பற்றிய நம் சட்டத்தை அறிய வேண்டும். வேட்டைப்பிராணி எங்கே, எப்படி இறக்கிறது என்பதில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன. அடித்துக் கொல்லப்பட்டதை ஸூரத்துல் மாயிதாவின் மூன்றாம் வசனம் தடுக்கிறது. வேட்டைக்காரரான அதீ இப்னு ஹாத்திம் (ரழி) நபியவர்களிடம் மிஃராள் என்னும் எறிகோலைப் பற்றிக் கேட்ட ஹதீஸ் புகாரியில் உண்டு. அது கூர் முனையால் துளைத்திருந்தால் உண்ணலாம், பக்கவாட்டில் மோதிக் கொன்றிருந்தால் ஆகாது என்பது கிடைத்த பதிலின் சாரம். இதை வைத்தே இமாம் நவவி தம் மின்ஹாஜில், கனத்தால் கொல்லும் பொருளாலோ உருண்டையாலோ இறந்தது ஹராம் என்ற ஷாபிஈ மத்ஹபின் நிலையைப் பதிவு செய்தார். புந்துகா என்று அங்கே குறிப்பிடப்படுவது களிமண் உருண்டை. நவவி வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டில் அந்த மண்ணில் துவக்கு இல்லை. பின்னாளில் துவக்கு வந்தபோது அரபியர் அதே சொல்லிலிருந்து அதற்குப் புந்துகிய்யா என்று பெயரிட்டனர். பெயரோடு சட்டமும் ஒட்டிக்கொண்டது. ஈயச் சன்னம் துளைக்கிறதா, மோதிக் கொல்கிறதா என்ற கேள்வியில் நம் பக்கத்து ஆலிம்கள் பேணுதலைத் தேர்ந்தார்கள். விழுந்த பிராணியில் நிலைத்த உயிர், அதாவது ஹயாத் முஸ்தகிர்ரா, இருக்கும்போதே போய்ச்சேர்ந்து பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அது உணவு.

அந்தக் கத்திக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இருவரில் குறி தப்பாதவர் அப்பு. ஆகவே பெரும்பாலும் விசையை அழுத்தியவர் அவர். அவர் வெடியிலேயே மான் இறந்துபோனால் வாப்பாவுக்கு அது ஆகாது. உயிரோடு விழுந்து வாப்பா அறுத்தால் இரண்டு வீட்டிலும் உலை வைக்கலாம். சைவரும் சோனகரும் ஒரே இறைச்சியைப் பங்கிட்டுக்கொள்ள அந்தக் கொஞ்ச நேர உயிர்தான் பாலம். அப்பு இதை ஒரு தொந்தரவாகக் கருதியதாக எனக்கு நினைவில்லை. தனக்கு விதிக்கப்படாத சட்டத்துக்காகத் தன் வெடியை அவர் திருத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் அவர் மச்சம் தொடுவதில்லை, வாப்பாவுக்கு ஜும்ஆ. அதனால் வெள்ளியன்று துவக்குக்கும் ஓய்வு.

தோட்டா நிரப்பி முடிந்ததும் வைத்துப் பார்ப்பார்கள். ஆளில்லாத மேற்குக் கரையில், கடலை நோக்கி, பனையோலைப் பாயில் ஈழநாடு பத்திரிகைத் தாள்களை ஒட்டி நிறுத்துவார்கள். அப்பு இருபத்தைந்து கவடு எண்ணிப் பின்வாங்கிச் சுடுவார். ஓட்டைகளை எண்ணுவது என் வேலை. ஒன்பது சன்னமும் ஒரு சுளகு அகலத்துக்குள் இருக்கும். முப்பது கவட்டில் வட்டம் பெருக்கும். நாற்பதில் நாலோ ஐந்தோதான் தாளில் படும், மற்றவை காற்றோடு போய்விடும். அதைப் பார்த்துவிட்டு அப்பு அந்த ஆண்டின் தூரத்தை அறிவிப்பார். "முப்பது. அதுக்கு மேல மயில் ஆடினாலும் பாக்கிறதுதான்." வாப்பா அந்தத் தூரத்தைத் தன் காலால் ஓடிப் பார்ப்பார். கையில் கத்தி இருக்காது, இருப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

காட்டில் இந்த எல்லையோடு இன்னொன்றும் சேர்ந்தது. அதீ (ரழி) அவர்களின் அறிவிப்புகளில், எய்யப்பட்ட பிராணி தண்ணீருக்குள் விழுந்து இறந்திருந்தால் உண்ண வேண்டாம் என்றும் வருகிறது. கொன்றது அம்பா தண்ணீரா என்பது தெரியாதல்லவா. தண்ணீர்க் கரையில் காத்திருந்து சுடுபவனுக்கு இது பெரிய தடை. தலை குனிந்து குடிக்கும் மான்தான் இலேசான குறி. வாப்பா கூட இருக்கும்போது அப்பு அந்தக் குறியை எடுத்ததில்லை. மான் குடித்து முடித்துக் கரையேறி மரநிழலை அடையும் வரை காத்திருப்பார். அதற்குள் காற்றுத் திரும்பும், மான் மணம் பிடித்துப் பாய்ந்துவிடும். அப்படிப் போனவைதாம் அதிகம்.

இந்தப் பழங்கதையை மறுபடி எண்ணிப் பார்க்க வைத்தவன் கனடாவில் வாழும் என் தங்கையின் மகன். அங்கே மான் வேட்டைக்குச் சட்டப்படி பருவமும் அனுமதிச் சீட்டும் உண்டு. அவன் தன் தோட்டாக்களைத் தானே நிரப்புகிறான். அப்புவின் பித்தளைக் கிண்ணத்தின் இடத்தில் அவனிடம் ஒரு தராசு. மருந்தை ஒரு கிறெயினில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறான். ஒரு கிறெயின் என்பதே 65 மில்லிகிராம்தான். அவனுடைய ரைபிள் .308 வின்செஸ்டர். 200 மீற்றருக்குச் சரிபார்த்து வைத்தால் 300 மீற்றரில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கும். அதைக் கணக்கிட்டு உயர்த்திப் பிடிக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் குண்டு அரை வினாடிக்குள் கடந்துவிடும். வெடிச்சத்தம் போய்ச்சேர அதைவிட அதிக நேரமாகும். மான் தன்னைக் கொன்ற வெடியைக் கேட்பதில்லை.

தொலைபேசியில் அவன் கேட்டான்: "மாமா, முந்நூறு மீற்றர் ஓடிப்போய் அறுக்க ஏலாது. நான் பிஸ்மி சொல்லித்தான் சுடுறன். அது விழ முந்தியே முடிஞ்சிடும். உங்கட வாப்பாட மான் கத்தி வரும் வரைக்கும் கிடந்து துடிச்சிருக்குமே. எது ரஹ்மத்?"

இலேசான கேள்வியல்ல. யூசுப் அல்கர்ளாவி, நவீனத் துவக்கின் குண்டு ஈட்டியையும் அம்பையும்விடத் துளைப்பது என்பதால் அதனால் இறந்த வேட்டைப்பிராணி ஆகும் என்று எழுதியிருக்கிறார். அவன் அதைப் பின்பற்றுகிறான். அதில் தடை சொல்ல நான் ஆளில்லை. அறுப்பவன் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு இலகுவாக்க வேண்டும் என்பது நபிமொழி. வாப்பா காட்டுக்குப் போகுமுன் கத்தியைத் தீட்டிய நேரம், அப்பு தோட்டா நிரப்பிய நேரத்துக்குக் குறைந்ததல்ல. முப்பது கவட்டை ஓடிக் கடக்கச் சில வினாடிகள். அந்தச் சில வினாடிகள் நோவுதான். அதை இல்லையென்று சொல்லி அவனுடைய கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் பேச்சின் நடுவே அவன் சொன்ன இன்னொன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. பருவத்துக்கு முன்னர் அவன் கடதாசிக் குறியில் 100, 200, 300, 400 மீற்றர் என்று சுட்டுப் பார்ப்பானாம். குண்டுகள் விழும் வட்டம் ஒரு மானின் நெஞ்சளவைத் தாண்டும் இடம் எதுவோ, அதற்கு முந்திய தூரம்தான் அந்த ஆண்டுக்கு அவனுடைய எல்லை. ரைபிளால் அதற்கு மேலும் முடியும், தன்னால் முடியாது என்றான். அப்புவை அவன் கண்டதில்லை. அப்பு பனையோலைப் பாயில் செய்த அதே காரியத்தை, அவருடைய பேரனைப் போல, பனிநாட்டில் செய்துகொண்டிருக்கிறான். துவக்கையும் தோட்டாவையும் ஆயத்தம் செய்வதென்றால் எவ்வளவு தூரம் சுடலாம் என்று கண்டுபிடிப்பது என நினைக்கிறோம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஆசை வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வதுதான் அந்த ஆயத்தம். மான் முன்னால் வந்து நின்றபின் எல்லை போட எவராலும் முடியாது.

எங்கள் வடக்கில் அப்படி எல்லை போட்டுக்கொள்ளாத ஆயுதங்கள் வந்தன. 1980களின் நடுவில் ஓரிரவு ஆயுதம் தாங்கிய இளைஞர் சிலர் வீட்டுக்கு வந்து வாப்பாவின் லைசன்சுத் துவக்கைக் கேட்டு வாங்கிப் போனார்கள். வாப்பா கழுவி எண்ணெய் பூசித்தான் கொடுத்தார். வன்னிக்குப் போவது அத்தோடு நின்றது. 1990 ஒக்டோபரில், மற்ற வடபுல முஸ்லிம்களைப் போலவே, நாங்களும் வெளியேற்றப்பட்டோம்; எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேர அவகாசம். வாப்பாவின் கத்தி சோனகதெரு வீட்டு அடுக்களையில் செருகியபடியே இருந்திருக்கும். நெடுந்தீவுக்கு அவர் அதன்பின் போகவில்லை. புத்தளத்தில் மௌத்தானார்.

போர்க்காலத்தைப் பற்றிப் பேசும்போது, தூரத்திலிருந்து கொல்வதால்தான் மனிதன் மரத்துப்போனான் என்று சொல்வோர் உண்டு. ஷெல்லை ஏவியவன் அது விழுந்த வீட்டைக் காண்பதில்லை என்பார்கள். நானும் வாப்பாவின் கத்தியை இதற்குச் சான்றாகக் காட்டியிருக்கலாம். ஆனால் நெடுந்தீவைப் பற்றி எழுதுகிறவன் அப்படி எழுதிவிட்டுப் போக முடியாது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே தூரமே இல்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டபோதும் சுட்டவர்கள் சில கவடு தள்ளியே நின்றார்கள். கிட்டப் போனவனுக்கு இரக்கம் வந்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அப்பு "கிட்டப் போங்கோ" என்றது தூரத்தை மட்டும் குறித்ததல்ல என்பதை இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துத்தான் விளங்க முடிகிறது. பக்கத்து மனிதனின் சட்டத்தையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டவர் சொன்ன சொல் அது.

2012இல் நெடுந்தீவுக்குப் போனேன். அப்பு இல்லை. அவருடைய மகள் என்னை அடையாளம் கண்டு, "நானாவின்ர மகனே" என்று உள்ளே கூப்பிட்டார். தேநீர் போட அவர் கையில் எடுத்தது அந்தப் பித்தளைக் கிண்ணம். இப்போது பால்மா அளக்கிறது. அளவு சரியாக ஒரு கோப்பைக்கு வரும் என்றார். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் பாயை நிறுத்திய கரையில் இப்போது குதிரை பார்க்க வருவோர் நடக்கிறார்கள்.

அதே மாயிதாவின் 94ஆம் வசனத்தை ஓதும்போது அந்தக் கரை நினைவில் வருவதுண்டு. இஹ்ராமில் இருப்போருக்கு, அவர்களுடைய கையும் ஈட்டியும் எட்டும் இடத்திலேயே வேட்டைப்பிராணிகளை வரவைத்து அல்லாஹ் சோதிப்பதைப் பற்றிய வசனம் அது. எட்டாததை விடுவதில் சோதனை ஏது? எட்டியதை, சுடலாம் என்று தெரிந்தும், சுடாமல் விடுவதில்தான் சோதனை இருக்கிறது.

ஆவணி முடிந்து மழைக்கு முகில் கூடும் நாட்களில் வாப்பா மிஞ்சிய தோட்டாக்களோடு நெடுந்தீவுக்குப் போவார். பன்னிரண்டில் ஏழு, சில ஆண்டுகளில் ஒன்பதுகூட மிஞ்சியிருக்கும். ஈரக்காலத்தில் மருந்து கெட்டுவிடும் என்று அப்பு அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். மெழுகைச் சுரண்டி, மட்டையை எடுத்து, சன்னத்தை ஒரு டின்னிலும் மருந்தை இன்னொரு டின்னிலும் கொட்டுவார். தண்ணீர்க் கரையில் நின்ற மான், கவடு முப்பதைத் தாண்டி நின்ற மான், குட்டியோடு வந்த மரை என்று அந்தப் பருவத்தில் விட்டுவிட்டவற்றை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பிரிக்கும்போது அப்புவின் கை, நிரப்பும்போது போலவே, ஒரு சன்னத்தையும் நிலத்தில் சிந்தாது.